பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு பிறந்தவர்கள்

பிப்ரவரி 26

குடுக்கைக்கு,

நான் போனை எடுப்பதில்லை என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். ஆமாம், எடுக்கமாட்டேன். போனில் நீ பேசினால் என் கோபம் மூன்று நிமிஷம் தாங்காது. "என்னக்கா, சாப்டியா" என்று ஆரம்பித்து, அத்தானைக் கிண்டல் பண்ணி, என்னையும் சிரிக்க வைத்து, கடைசியில் நான்தான் ஏதோ தப்புப் பண்ணியவள் மாதிரி மன்னிப்புக் கேட்டுவிட்டு வைப்பேன். அதனால் எழுது. தாளில், பேனாவால். எழுதும்போது மனுஷனுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வரும்.

என்னை எங்கே மாற்றியிருக்கிறார்கள் என்று அம்மா சொல்லியிருப்பாள். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் பழைய பதிவேட்டு அறை. தலைக்கு மேலே தண்ணீர்க் குழாய், ஒரு டியூப்லைட், ஒரு நாற்காலி. காது கேளாத பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற தாய்மாரிடம் பதினோரு வருஷம் கவுண்டர் 3-இல் ஃபார்ம் வாங்கினேன். ஒருத்தர் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டாலும் திருப்பிக் கொடுத்து, பேனாவையும் நானே கொடுத்து, எழுத வைத்து வாங்கியவள். என் மாற்றல் உத்தரவோடு உன் அறிக்கையின் நகலையும் இணைத்திருந்தார்கள். "கவுண்டர் 3-இல் பிறந்த தேதியைப் பதிவு செய்தவரின் கவனக்குறைவால் நாற்பத்தொரு குழந்தைகளின் விண்ணப்பங்கள் பெரியவர் வரிசைக்குச் சென்றுவிட்டன." கீழே உன் கையெழுத்து.

உங்கள் கம்பெனி செய்து கொடுத்த வெப்சைட்டில், அந்தத் தாய்மார் தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து நான் தட்டினேன். தட்டிய பிறகு தாள்கள் கீழே வந்துவிடும். எங்கே? இந்த அறைக்கு. என்னை எந்த அறையில் போட்டார்களோ அதே அறையில்தான் அந்த நாற்பத்தொரு தாளும் இருந்தன. நான்கு நாள் தேடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பதிமூன்று, பதினேழு, இருபத்தொன்பது, முப்பத்தொன்று. ஒரு பிள்ளைகூட பன்னிரண்டாம் தேதிக்குள் பிறக்கவில்லை. கவனக்குறைவு என்பது தேதி பார்த்தா வரும்? கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவளுக்குப் புத்தி வேண்டாமா?

இதில் ஒரு தையல்காரம்மாவின் மகளும் இருக்கிறாள். செப்டம்பர் 23-இல் பிறந்தவள். அந்த அம்மா மணிமணியாக எழுதியிருக்கிறார், குருடனுக்கும் புரியும். பத்து மாதக் கைக்குழந்தையாக ஜூலையில் வந்தாள். இப்போது ஒன்றரை வயது. இன்னும் காதுக் கருவி கிடைக்கவில்லை. ஜனவரியில் டாக்டரம்மா எதற்கோ பெரியவர் வரிசையைத் திறந்து பார்த்ததால்தான் இந்தப் பிள்ளைகள் அங்கே கிடப்பதே தெரிந்தது.

இங்கே ஒரு விதி உண்டு, உனக்கும் தெரியும். பதிவு செய்தவர் பிழை என்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கணினியின் கோளாறு என்றால் பழைய தேதியே செல்லும். உன் அறிக்கையால் நாற்பத்தொரு பிள்ளைகளும் ஜனவரியில் வந்தவர்களாக வரிசையின் கடைசியில் நிற்கிறார்கள். இன்னும் ஆறு மாதம் ஆகும். பேச்சு வருகிற வயசு யாருக்காகவும் காத்திருக்காது.

என்ன நடந்தது, அது உனக்கு எப்போது தெரியும், கவுண்டர் 3-இல் இருப்பது யார் என்று உனக்குத் தெரியுமா. இந்த மூன்றுக்கும் பதில் எழுது.

அக்கா

5/3

அன்புள்ள அக்கா,

கையால் எழுதி எத்தனையோ வருஷமாகிவிட்டது. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

என்ன நடந்தது என்று கேட்டாய். நீ கவுண்டரில் தட்டி 'அனுப்பு' பொத்தானை அழுத்தியதும், ஃபார்மில் உள்ளது கட்டம் கட்டமாகப் பிரிந்து சர்வருக்குப் போகிறது. அங்கே மாடல் என்று ஒன்று காத்திருக்கும். பெயருக்கு ஓர் இடம், முகவரிக்கு ஓர் இடம், பிறந்த தேதிக்கு ஓர் இடம். வந்தவற்றை அதனதன் இடத்தில் உட்கார வைக்கும் வேலை தானாக நடக்கும். ஏதாவது ஒன்று உட்கார முடியாமல் போனால் அந்த இடத்தில் முன்பே இருக்கும் ஆரம்ப மதிப்பே தங்கிவிடும். தேதிக்கு அது கி.பி. முதலாம் ஆண்டு, ஜனவரி ஒன்று.

ஜூலை முதல் வாரத்தில் சர்வரை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றினோம். அந்தப் புதிய கம்ப்யூட்டர் தேதியை மாதம் முதலில், நாள் பிறகு என்று படிக்கிற வகை. நீ 23/9 என்று தட்டினால் அது இருபத்து மூன்றாம் மாதத்தைத் தேடும். இல்லாத மாதம். உடனே முதலாம் ஆண்டு ஜனவரி ஒன்று பதிவாகிவிடும். அந்தக் குழந்தையின் வயது இரண்டாயிரத்துச் சொச்சம் என்று கணக்காகி, பெரியவர் வரிசைக்குப் போய்விடும். பன்னிரண்டாம் தேதிக்குள் பிறந்தவர்களுக்கு நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும், ஆனால் குழந்தைகள் வரிசையிலேயே இருப்பார்கள். நீ தாள்களை வைத்தே இதைக் கண்டுபிடித்தது பெரிய விஷயம்.

வழக்கமாக இதெல்லாம் கன்ட்ரோலர் என்ற பகுதியில் மாட்டிக்கொள்ளும். உன் கவுண்டர் செய்யும் வேலைதான் அதற்கும். 'இந்த ஃபார்ம் செல்லுமா' என்று ஒரு வரி கேட்கும். செல்லாவிட்டால், நிரப்பியது நிரப்பியபடியே, பிழையான கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தோடு ஃபார்மைத் திருப்பித் தரும். ஜூன் மாதம் வெப்சைட்டின் தொடக்க விழாவை ஒட்டி அந்த வரி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பிறகு அதைத் திரும்ப இயக்குவது விடுபட்டுவிட்டது. அதனால் எந்த ஃபார்ம் வந்தாலும் 'நன்றி, உங்கள் விண்ணப்பம் கிடைத்தது' என்றே காட்டிவந்திருக்கிறது.

அறிக்கையைப் பொறுத்தவரை, அன்றைய அவசரத்தில் முழு விவரமும் கிடைக்காத நிலையில் சில வாக்கியங்கள் சரியாக அமையாமல் போய்விட்டன. உனக்கு இப்படி ஒரு சிரமம் ஏற்பட்டதற்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன். ஆஸ்பத்திரி இயக்குநரிடம் நேரம் பார்த்துப் பேசி உன்னைப் பழைய இடத்துக்கே கொண்டுவர முயற்சி செய்கிறேன். கோபத்தை விடு. அத்தானுக்கு வணக்கம். அவர் இன்னும் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாரா?

உன் தம்பி

மார்ச் 10

குடுக்கைக்கு,

உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நிரப்பிய இடமெல்லாம் அப்படியே இருக்கிறது, நான் எதையும் அடிக்கவில்லை. காலியான இடங்களில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன்.

முதல் வட்டம் தேதிக்கு. 5/3 என்றால் மார்ச் ஐந்தா, மே மூன்றா? இவ்வளவு நடந்த பிறகும் கை அப்படியே எழுதுகிறது பார்.

இரண்டாவது, "நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது". யார் நிறுத்தினார்கள், எதற்கு? "விடுபட்டுவிட்டது" என்கிறாய். அது என்ன, கையிலிருந்து நழுவின கர்ச்சீப்பா? "அமையாமல் போய்விட்டன". வாக்கியங்கள் தாமாகவே வந்து தாளில் உட்கார்ந்து, தாமாகவே கோணலாகிவிட்டன போலிருக்கிறது. இந்தக் கடிதம் முழுக்கத் தேடிவிட்டேன். 'நான்' என்ற சொல்லைக் கண்ணில் காட்டவில்லை நீ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்றாலும் அதற்கு நிறையச் சோறு வேண்டும், தம்பி.

மூன்றாவது வட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் போட்டதில் தாள் கொஞ்சம் கிழிந்துவிட்டது. எப்போது தெரியும், கவுண்டர் 3-இல் இருப்பது யார் என்று தெரியுமா. இரண்டையும் கேட்டேன், இரண்டுமே காலி.

பதில் தெரியாமல் நான் கேட்கவில்லை. அந்த வெப்சைட்டை எழுதுவதற்கு முன்னால் இரண்டு வாரம் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாயே. தாய்மார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறிப்பெடுத்தாய். என் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டாய். "காலியா இருந்தா திருப்பிக் குடுக்கணும்டா, அதான் முக்கியம்" என்று நான் சொன்னதை நீயே பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டாய். அதை நான் பார்த்தேன்.

எனக்கு மன்னிப்பு வேண்டாம், என் நாற்காலியும் இப்போதைக்கு வேண்டாம். நாற்பத்தொரு பிள்ளைகளின் பழைய தேதி திரும்ப வேண்டும். அதற்கு நீ நேரம் பார்த்துப் பேசினால் போதாது, எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு ஒழுங்காக எழுத முடியாதவன் இயக்குநருக்கு என்ன எழுதப்போகிறாய்?

அத்தான் பேப்பரை நேராகத்தான் பிடிக்கிறார். இந்தச் சிரிப்பெல்லாம் இப்போது வேண்டாம்.

அக்கா

மார்ச் பதினேழு

அக்கா,

உன் கவர் வந்ததும் பிரித்துப் பார்த்து, என் கையெழுத்தே உள்ளே இருந்ததைக் கண்டு கூசிப்போனேன். மேஜையில் வைத்துவிட்டு இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. இனி நான் என்று எழுதுகிறேன்.

தொடக்க விழாவில் இயக்குநர் மேடையில் உட்கார்ந்து முதல் ஃபார்மை நிரப்பிக் காட்டுவதாக ஏற்பாடு. முந்தின நாள் மதியம் ஒத்திகை பார்த்தோம். அவர் போன் நம்பர் எழுதாமல் அனுப்பினார், ஃபார்ம் திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினார், மறுபடி வந்தது. "என்னப்பா இது, என்னையே திருப்பி அனுப்புது" என்று சிரித்தார். மேடையில் அத்தனை பேர் முன்னால் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று எனக்குப் பயம். அந்தச் சோதனை வரிக்கு முன்னால் நான் இரண்டு சாய்கோடு போட்டேன். சாய்கோடு போட்டால் கம்ப்யூட்டர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். நீ அடிக்கோடு போட வைத்த அதே வரி. விழா முடிந்ததும் கைதட்டினார்கள், என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள், நான் சாய்கோட்டை மறந்துவிட்டேன். சும்மாவா எனக்கு அவசரக்குடுக்கை என்று பெயர் வைத்தீர்கள்.

நவம்பரில் நீ போன் செய்தாய். "சில பிள்ளைங்க வரிசையில வரவே மாட்டேங்குதுடா, என்னன்னு பாரு" என்றாய். "பாத்துக்கறேன்க்கா" என்றேன். பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பத்து நிமிஷ வேலை.

பத்து நிமிஷம் என்று எப்படிச் சொல்கிறேன் என்றால், ஜனவரியில் இயக்குநர் காலை பதினோரு மணிக்குக் கூப்பிட்டார். பதினொன்று பத்துக்கு எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சாய்கோட்டை எடுத்தேன், தேதி படிக்கும் முறையைச் சரிசெய்தேன், சாப்பாட்டுக்கு முன்னால் புதியதை ஏற்றிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மதியம் உட்கார்ந்து அந்த அறிக்கையை எழுதினேன். முதலில் 'மென்பொருளில் நான் செய்த பிழையால்' என்றுதான் எழுதினேன். இயக்குநர் என்னை வேறு மூன்று ஆஸ்பத்திரிகளுக்குச் சிபாரிசு செய்திருந்தார், அடுத்த வாரம் அவர்களோடு கூட்டம். அழித்தேன். பிறகு 'பதிவின்போது' என்று எழுதினேன். யார் பதிவின்போது என்று கேட்பார்களே. நான்கு கவுண்டரில் அதிகமான குழந்தைகள் வந்தது மூன்றில்.

அங்கே இருப்பது யார் என்று எனக்குத் தெரியும். மூன்று என்று தட்டும்போது உன் முகம் வந்தது. வந்த பிறகும் தட்டினேன். இதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்கிறேன், சொல்லாவிட்டால் இதையும் திருப்பி அனுப்புவாய். அந்தக் கவுண்டரில் வேறு யாராவது இருந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். அவர்கள் சண்டைக்கு வருவார்கள், நிரூபி என்பார்கள். நீ என்பதால்தான் எழுதினேன். அக்காதானே, பொறுத்துக்குவா என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை இயக்குநரைப் பார்த்து, இதே விஷயத்தைக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். நாளும் மாதமும் மாறிப்போன மற்றப் பிள்ளைகளின் பட்டியலையும் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "அன்னிக்கு என் முகத்துக்காகவா இதப் பண்ணீங்க?" என்று கேட்டார்.  அவருக்கும் அவமானமாக இருந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சிபாரிசு செய்த மூன்று ஆஸ்பத்திரிகளில் இரண்டு விலகிவிட்டன. அதைப் பற்றி நான் அழப்போவதில்லை.

நாற்பத்தொரு வீடுகளுக்கும் நேரில் போய்ச் சொல்ல அனுமதி கேட்டிருக்கிறேன்.

குடுக்கை

மார்ச் 25

குடுக்கைக்கு,

படித்தேன். அத்தானிடம் காட்டவில்லை. அம்மா "யாருடி இந்தக் காலத்துல கடுதாசி போடறது" என்றாள், மின்சார ஆபீஸ் என்று சொல்லி வைத்தேன்.

'அக்காதானே' என்று எழுதியிருந்த இடத்தைப் படித்துவிட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அது உண்மைதான். நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் சம்பந்தப்படாத விஷயமாக இருந்திருந்தால், இதே அறையில் குழாய் சொட்டுவதை எண்ணிக்கொண்டு ஓய்வு வயது வரை உட்கார்ந்திருப்பேன். நீ சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறாய். அதுதான் எனக்கு வலிக்கிறது.

நேற்று உத்தரவு வந்தது. நாற்பத்தொரு பேருக்கும் பழைய தேதி. தையல்காரம்மாவின் மகளை ஏப்ரல் ஆறாம் தேதி கூப்பிடுகிறார்கள். என்னை ஏப்ரல் பத்திலிருந்து கவுண்டருக்குத் திரும்பச் சொல்கிறார்கள்.

வீடு வீடாகப் போவது நல்லது. முதலில் தையல்காரம்மா வீட்டுக்குப் போ. செருப்புக்கடை மாடியில் இரண்டாவது வீடு. அவர் ஜூலையில் எழுதிக் கொடுத்த ஃபார்மின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அவரிடம் கொடு.

அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள். எனக்கும் எழுது. இல்லை, எல்லாவற்றையும் எழுத வேண்டாம். உனக்கு எழுத முடிந்ததை எழுது.

அக்கா

ஏப்ரல் இரண்டு

அக்கா,

நேற்று மாலை போனேன். மாடிப்படியில் ஏறும்போதே தையல் மெஷின் சத்தம் கேட்டது. கதவு திறந்தே இருந்தது. அந்தப் பிள்ளை மெஷினுக்குக் கீழே உட்கார்ந்து மேஜையின் காலில் உள்ளங்கையை வைத்திருந்தாள். மெஷின் ஓடினால் சிரிக்கிறாள், நின்றால் அம்மாவை நிமிர்ந்து பார்க்கிறாள். நான் பின்னால் நின்று இருமினேன், செருப்பைக் கழற்றிப் போட்டேன். அவள் திரும்பவில்லை.

யார் என்று சொன்னேன். அந்த வெப்சைட்டை எழுதினவன் நான்தான், தேதி மாறியது என்னால்தான், தெரிந்த பிறகும் மறைத்தேன் என்று சொன்னேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயும் முன்பின்னாகத்தான் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. "அப்ப நான் எழுதுனது?" என்று மட்டும் கேட்டார்.

நீ கொடுத்த நகலை நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். இருபத்து மூன்று என்ற எண்ணின் மேல் விரலை வைத்தார். "சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்றார், என்னிடம் இல்லை.

பிறகுதான் சொன்னார். செப்டம்பரில் ஒரு தடவை, நவம்பரில் ஒரு தடவை கவுண்டருக்கு வந்து கேட்டிருக்கிறார். "கவுண்டர்ல இருந்தவங்க, நீங்கதாம்மா வருஷத்தத் தப்பா எழுதியிருப்பீங்க, கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னாங்க. பின்னால நின்னவங்கல்லாம் பாத்தாங்க. வீட்டுக்காரர்கிட்ட வந்து சொன்னேன். ஒரு ஃபார்ம்கூட நிரப்பத் தெரியல, உன்னாலதான் பிள்ளைக்கு இப்படின்னாரு. அதுலேர்ந்து எந்தத் தாளயும் என் கையில குடுக்கறதில்ல." ஏழு மாதமாகத் தன்னால்தான் என்று நினைத்திருக்கிறார், அக்கா. நான் பதினொன்று பத்துக்குக் கண்டுபிடித்ததை அவர் ஏழு மாதம் சுமந்திருக்கிறார்.

அந்தக் கவுண்டரில் இருந்தது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை, அதற்கு எனக்கு யோக்கியதையும் இல்லை. எழுதாமல் விடலாமா என்று இரண்டு முறை பேனாவை மூடினேன். விட்டால் பழையபடி ஒரு கட்டம் காலியாகப் போய்விடும். என்னுடையதை நிரப்பிவிட்டேன். இதை நிரப்ப வேண்டியது நான் இல்லை என்று தோன்றுகிறது.

மீதி நாற்பது வீடுகளுக்கு அடுத்த வாரத்திலிருந்து போகிறேன்.

குடுக்கை

ஏப்ரல் 9

தம்பிக்கு,

சொன்னது நான்தான். அவர் சொன்ன அதே வார்த்தைகள். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா." செப்டம்பரில் அவர் வந்தபோது திரையில் 'பெரியவர் பிரிவு' என்று காட்டியது. தாளைக் கீழே அனுப்பியிருந்தேன். இருபது படி இறங்கினால் எடுத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஏன் தெரியுமா? அந்த வெப்சைட் வந்த நாளிலிருந்து நான்கு கவுண்டரிலும் என் தம்பி எழுதினது, என் தம்பி எழுதினது என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அதில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எதிரில் நின்ற தாய் தப்பாக எழுதியிருப்பார் என்பது மட்டும் உடனே தோன்றியது.

நவம்பரில் அவர் மறுபடி வந்து, மறுபடி எழுதிக் கொடுத்து, நான் மறுபடி தட்டி, மறுபடி நன்றி என்று வந்தபோதுதான் எனக்கே உறுத்தியது. அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன். நீ பார்த்துக்கொள்கிறேன் என்றதும் எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. அந்த அம்மாவைக் கூப்பிட்டு, நான் சொன்னது தப்பாக இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு என்மேல் பழி வந்ததும் எனக்கு வந்த கோபத்தைப் பார்த்தாயே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று தினமும் அந்தக் குழாயைப் பார்த்துப் புலம்பினேன். நான் செய்ததை அந்த அம்மா யாரிடம் போய்ப் புலம்பினார்? உனக்கு வட்டம் போட்டு அனுப்பியபோதும் இது எனக்கு நினைவிருந்தது. உன்னை முதலில் அங்கே அனுப்பியது, அவர் வாயால் உனக்குத் தெரியட்டும் என்றுதான். நானாக எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது.

நேற்று போனேன். வேண்டுமென்றே கணவரும் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். பிள்ளைக்குக் கருவி போட்டு இரண்டு நாள் ஆகிறது. மெஷினை ஓட்டினால் வீல் என்று அழுகிறாளாம், அவள் தூங்கினால்தான் தையல். டாக்டரம்மா சொல்லிவிட்டார்களாம், பேச்சு வரும், ஆனால் தாமதமாகத்தான் வரும், போன எட்டு மாதம் போனதுதான் என்று. தையல்காரம்மா இதை என் முகத்தைப் பார்த்தே சொன்னார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. உட்காரச் சொல்லவில்லை.

நின்றபடியே அவர் கணவரிடம் சொன்னேன். "உங்க மனைவி சரியாத்தான் எழுதினாங்க. அவங்க தப்புன்னு நாலு பேர் முன்னால சொன்னது நான். பாக்காமலே சொன்னேன். எழுதின புரோகிராம்ல தப்புப் பண்ணினது என் தம்பி. அவங்கமேல ஒண்ணுமே இல்ல."  அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால், மனைவியைக் குறை சொன்னது அவருக்கே உறுத்துகிறது என்று தெரிந்தது. எழுந்து உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து மனைவி முன்னால் வைத்தார். பேச்சுப் பயிற்சிக்குச் சேர்க்கிற ஃபார்ம். "நீயே எழுது" என்றார்.

தையல்காரம்மா தைக்கிற மேஜையிலேயே வைத்து எழுதினார். ஒவ்வொரு கட்டமாக, மெதுவாக. எழுதி முடித்துவிட்டுத் தாளை என்னிடம் நீட்டினார். "ஏதாச்சும் தப்பா இருந்தா இங்கயே சொல்லிடுங்க. அங்க வெச்சு சொல்லாதீங்க" என்றார்.

மேலிருந்து கீழ்வரை படித்தேன். கண் மறைத்ததால் இரண்டாவது தடவையும் படிக்க வேண்டியிருந்தது. ஒரு தப்பும் இல்லை என்று சொன்னேன். செப்டம்பரில் சொல்லியிருக்க வேண்டியது.

நாளைக் காலை கவுண்டரில் உட்காரப் போகிறேன். உன் கடைசிக் கடிதத்தைத் திருப்பி அனுப்பவில்லை, நானே வைத்துக்கொண்டேன். மீதி வீடுகளில் பாதிப் பேரையாவது நானும் ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பேன், எனக்கு நினைவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை இங்கே வா, இரண்டு பேருமாகப் போவோம். வரும்போது இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வா. எங்கேயாவது காலியாக விட்டிருந்தால் வட்டம் போட்டு வை.

அக்கா